குடியிருப்பவரே கடன் கொடுத்தவராகவும் ஆனால்: ஜிபூட்டியும் சீனாவும்

2015 மார்ச் மாதக் கடைசி. ஏமனில் சவுதி தலைமையிலான கூட்டணியின் குண்டுவீச்சு தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. ஏடன் நகரில் சிக்கிக்கொண்ட இந்தியர்களை ஏற்றிக்கொண்டு ‘ஐஎன்எஸ் சுமித்ரா’ என்ற நம் கடற்படைக் கப்பல் கடலைக் கடந்தது. எதிர்க்கரையில் இருந்த ஒரு சின்னஞ்சிறு ஆப்பிரிக்க நாட்டில் அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பவும் ஏடனை நோக்கிப் போனது. அந்தச் சின்ன நாட்டிலிருந்து விமானப்படையின் பெரிய விமானங்கள் அவர்களைக் கொச்சிக்கும் மும்பைக்கும் கொண்டுவந்து சேர்த்தன. ‘ஆபரேஷன் ராஹத்’ என்று பெயரிடப்பட்ட அந்த மீட்புப் பணியில் 4,600-க்கும் மேற்பட்ட இந்தியர்களும், 41 நாடுகளைச் சேர்ந்த 900-க்கும் மேற்பட்டவர்களும் தப்பி வந்தார்கள். வெளியுறவு இணையமைச்சராக இருந்த வி.கே. சிங் முகாமிட்டு இருந்ததும் அந்தக் கரையில்தான். அந்த நாட்டின் பெயர் ஜிபூட்டி.

அந்த நாட்களில் சீனக் கடற்படைக் கப்பல்களும் தம் நாட்டவரை ஏமனிலிருந்து இதே துறைமுகத்துக்குத்தான் கொண்டுவந்தன. சோமாலியக் கடற்கொள்ளையரை எதிர்த்து 2008 டிசம்பரிலிருந்தே சீனக் கப்பல்கள் ஏடன் வளைகுடாவில் காவல் சுற்றி வந்தன. ஆனால் எரிபொருள் நிரப்ப, நீர் ஏற்ற, பழுது பார்க்க, மாலுமிகள் நாலு நாள் ஓய்வெடுக்க அவர்களுக்கென்று நிலையான இடம் எதுவும் இல்லை. ஏமன் மீட்பு அந்தக் குறையை உரக்கச் சொல்லிவிட்டது. 2015 மே மாதத்தில் ஜிபூட்டி அதிபர் இஸ்மாயில் உமர் கெல்லே, ராணுவத் தளம் குறித்துச் சீனாவுடன் பேச்சு நடப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். 2017 ஜூலையில் தென்சீனாவின் ஜான்ஜியாங் துறைமுகத்திலிருந்து சீன வீரர்களை ஏற்றிய கப்பல்கள் புறப்பட்டன. சீன ராணுவமான மக்கள் விடுதலைப் படை தொடங்கப்பட்டதன் 90-ஆம் ஆண்டு நாளான 2017 ஆகஸ்ட் 1 அன்று அந்தத் தளம் திறக்கப்பட்டது. தன் எல்லைக்கு வெளியே சீனா அமைத்த முதல் ராணுவத் தளம் அது.

இதை ‘ஆப்பிரிக்காவுக்குள் சீனா நுழைகிறது’ என்ற ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். அப்படி எழுதும்போது ஜிபூட்டி வெறும் மண்ணாகிவிடுகிறது. அங்கே முடிவெடுக்கும் மனிதர்களும் அவர்களுடைய கணக்குகளும் காணாமல் போகின்றன. உண்மையில் இந்தக் கதையில் அதிகம் காய் நகர்த்தியது ஜிபூட்டிதான். தன் நிலத்தைப் பல வல்லரசுகளுக்கு ஒரே நேரத்தில் வாடகைக்கு விட்டு, ஒருவரை ஒருவர் கண்காணிக்க வைத்து, நடுவில் தன் சுதந்திரத்தைக் காப்பாற்றிக்கொள்வது அதன் முறை. பல ஆண்டுகள் அந்த முறை நன்றாகவே நடந்தது. சீனா வந்த பிறகு ஒன்று மாறியது. மற்றவர்கள் வாடகை மட்டும் கொடுத்தார்கள். சீனா கடனும் கொடுத்தது. வீட்டில் குடியிருப்பவரே வீட்டுக்காரருக்குக் கடன் கொடுத்தவராகவும் ஆகிவிட்டால், மாதம் பிறந்ததும் யார் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

நிலத்தைப் பார்த்தால்தான் இந்த முறை ஏன் உருவானது என்பது விளங்கும். ஜிபூட்டியின் பரப்பளவு சுமார் 23,200 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை பத்து லட்சத்தை ஒட்டியது. உழுது பயிரிட நிலம் கிடையாது என்றே சொல்லிவிடலாம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. கடல் மட்டத்துக்கு 155 மீட்டர் கீழே கிடக்கும் அசால் ஏரி, ஆப்பிரிக்காவிலேயே மிகத் தாழ்ந்த இடம். அதன் கரையில் உப்புதான் விளைகிறது. உணவுப் பொருள்களில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தாக வேண்டும். எண்ணெயும் இல்லை, பேர் சொல்லும் கனிமமும் இல்லை.

இருப்பது ஒன்றே ஒன்று: இடம். செங்கடலும் ஏடன் வளைகுடாவும் சேரும் கழுத்து போன்ற நீரிணைக்குப் பாப் அல்-மந்தப் என்று பெயர். அரபு மொழியில் ‘கண்ணீர் வாசல்’. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமே உள்ள இந்த வாசலின் ஆப்பிரிக்கக் கரையில் ஜிபூட்டி உட்கார்ந்திருக்கிறது. ஆசியாவிலிருந்து சூயஸ் கால்வாய் வழியாக ஐரோப்பாவுக்குப் போகும் எந்தக் கப்பலும், சென்னையிலோ தூத்துக்குடியிலோ கிளம்பிய பெட்டகங்களைச் சுமந்து செல்லும் கப்பல்கள் உட்பட, இந்தக் கரையைப் பார்த்துக்கொண்டுதான் போக வேண்டும். கண்டங்களை இணைக்கும் கடலடி இணையக் கம்பிகளில் பலவும் இங்கே கரையேறுகின்றன.

இந்த இடத்தின் அருமையை முதலில் கணக்கிட்டது பிரான்ஸ். 19-ஆம் நூற்றாண்டில் ஒபோக் கரையில் காலூன்றி, பிறகு ஜிபூட்டி நகரை எழுப்பி, 1917-ல் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபா வரை ரயில் பாதையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆப்பிரிக்காவில் தன் காலனிகள் எல்லாம் கைநழுவிய பிறகும் இதை மட்டும் விடாமல் பிடித்திருந்தது. 1958-லும் 1967-லும் வாக்கெடுப்பு நடத்தி, பிரான்ஸோடு இருக்கவே மக்கள் விரும்புகிறார்கள் என்றது. இரண்டாவது வாக்கெடுப்புக்குப் பிறகு நாட்டின் பெயரையே ‘அஃபார், இஸ்ஸா மக்களின் பிரெஞ்சுப் பகுதி’ என்று மாற்றியது. அஃபார், இஸ்ஸா என்பவை அங்குள்ள இரு பெரிய சமூகங்கள். கடைசியில் 1977 ஜூன் 27 அன்று விடுதலை வந்தது. முதல் அதிபர் ஹசன் கூலெத் அப்திதோன். பிரெஞ்சுக் கொடி இறங்கியது. பிரெஞ்சுப் படை மட்டும் போகவில்லை. ஒரு பக்கம் எத்தியோப்பியா, இன்னொரு பக்கம் ‘சோமாலியர் வாழும் நிலமெல்லாம் எமதே’ என்று சொல்லிக்கொண்டிருந்த சோமாலியா. அந்த இரண்டும், சோமாலியர் வாழும் எத்தியோப்பியப் பகுதியான ஒகாடெனுக்காகப் போரில் இறங்கியது அதே 1977-ல்தான். இந்த நெருக்கடியில் பிறந்த நாட்டுக்கு, அந்நியப் படை ஒன்று ஊருக்குள் இருப்பது அவமானமாகத் தெரியவில்லை; வாசலில் கட்டிய காவலாகவே தெரிந்தது.

ஜிபூட்டியின் வெளியுறவு பிறந்த இடம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். வலியவன் ஒருவன் வீட்டில் குடியிருந்தால் பக்கத்து வீட்டுக்காரன் வேலி தாண்ட யோசிப்பான். ஆனால் அந்த ஒருவனை மட்டும் நம்பினால் அவன் சொன்னதே சட்டமாகிவிடும். ஆகவே இன்னும் சிலரைக் குடிவைக்க வேண்டும்.

அந்த வாய்ப்பு 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு தானாகவே வந்தது. பிரெஞ்சு அயல்நாட்டவர் படை முன்பு பயன்படுத்திய லெமோனியர் முகாமுக்கு அமெரிக்கா 2002-ல் வந்தது. ஆப்பிரிக்காவில் அமெரிக்காவின் நிரந்தர ராணுவத் தளம் இன்றும் அதுவே. சுமார் 4,000 பேர் அங்கே இருக்கிறார்கள். 2011-ல் ஜப்பான் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான் வெளிநாட்டில் அமைத்த முதல் தளம். இத்தாலியும் இடம் பிடித்தது. 2014 மே மாதம் கெல்லே வெள்ளை மாளிகைக்குப் போய் ஒபாமாவைச் சந்தித்தபோது லெமோனியர் குத்தகை 10 ஆண்டுகளுக்கும், வேண்டுமானால் மேலும் 10 ஆண்டுகளுக்கும் புதுப்பிக்கப்பட்டது. வாடகை ஆண்டுக்கு 6.3 கோடி டாலர். அதற்கு முன் இருந்ததைவிட மிக அதிகம். சீனா வாசலில் வந்து நிற்கிறது என்பதை அமெரிக்கா அறிந்திருந்த நேரம் அது. ஆண்டு முழுவதற்கும் சுமார் 400 கோடி டாலர் பொருளாதாரம் கொண்ட நாட்டுக்கு இது சிறிய தொகை அன்று. இன்னொரு பயனும் உண்டு. ஜிபூட்டி பிராங்க் 1973 முதல் ஒரு டாலருக்கு 177.721 என்ற மாறாத விகிதத்தில் கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டு அவிழாமல் இருக்கக் கையில் டாலர் இருக்க வேண்டும். அந்த டாலரைக் கொண்டுவருவதில் தளங்களின் வாடகைக்கும் பங்கு உண்டு.

பிரான்ஸோடு உறவு எப்போதும் இனித்ததில்லை. 1995 அக்டோபரில் பெர்னார் போரெல் என்ற பிரெஞ்சு நீதிபதி ஜிபூட்டியில் எரிந்த நிலையில் பிணமாகக் கிடந்தார். தற்கொலை என்று முதலில் சொல்லப்பட்டது. பிறகு பிரெஞ்சு விசாரணை கொலைப் பக்கம் திரும்பி, ஜிபூட்டியின் உயர்மட்டத்தை நோக்கியே கேள்விகள் எழுந்தன. விசாரணைக் கோப்புகளைக் கேட்டு ஜிபூட்டி அனுப்பிய கோரிக்கையைப் பிரான்ஸ் மறுத்தது. அப்போது ஜிபூட்டி ஒன்று செய்தது: தன்னை ஆண்ட வல்லரசை ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது. 2008 ஜூன் 4 அன்று வந்த தீர்ப்பில், மறுத்ததற்கான காரணத்தைச் சொல்லாமல் விட்டதால் பிரான்ஸ் தன் ஒப்பந்தக் கடமையை மீறியது என்று நீதிமன்றம் சொன்னது. ஜிபூட்டியின் மற்றக் கோரிக்கைகளை ஏற்கவில்லை. வழக்கில் பெரிய வெற்றி என்று இதைச் சொல்ல முடியாது. அந்த நீதிபதியின் குடும்பத்துக்கு நீதி கிடைத்தது என்றும் சொல்ல முடியாது. ஆனால் தன் மண்ணில் படை வைத்திருக்கும் நாட்டை எதிர்த்து வழக்காடும் துணிவு ஜிபூட்டிக்கு எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 2006-ல் வழக்குத் தொடுத்தபோது லெமோனியர் முகாமில் அமெரிக்கக் கொடி பறந்துகொண்டிருந்தது. பிரான்ஸ் முகம் திருப்பினாலும் வீடு காலியாகிவிடாது.

சீனாவோடு உறவு 1979 ஜனவரியிலேயே தொடங்கியது. சீனாவா, சீனா தனதென்று சொல்லும் தைவானா என்று மாறி மாறிப் பேரம் பேச ஆப்பிரிக்காவின் சில சிறு நாடுகளிடம் இருந்த தைவான் துருப்புச்சீட்டை ஜிபூட்டி எடுத்து ஆடியதில்லை. காம்பியா 1995-ல் தைவான் பக்கம் போய், 2013-ல் தைவானை விட்டு, 2016-ல் சீனாவிடம் திரும்பியது; எஸ்வாட்டினி இன்றுவரை தைவானோடு நிற்கிறது. ஜிபூட்டி ஆரம்பத்திலேயே பெய்ஜிங்கைத் தேர்ந்துவிட்டு அமைதியாக இருந்தது. தலைநகரில் ‘மக்கள் மாளிகை’ என்ற கூட்ட அரங்கைச் சீனா கட்டிக் கொடுத்தது. அக்காலச் சீன நட்பின் அடையாளம் அவ்வளவுதான்.

திருப்பம் எத்தியோப்பியாவிலிருந்து வந்தது. 1993-ல் எரித்ரியா தனி நாடானபோது எத்தியோப்பியா கடற்கரையை முழுவதுமாக இழந்தது. 1998-ல் இரண்டுக்கும் போர் மூண்டதும் எரித்ரியத் துறைமுகங்கள் அடைபட்டன. இன்று 12 கோடிக்கும் மேல் மக்கள் வாழும் நாட்டின் ஏற்றுமதி இறக்குமதியில் 90 விழுக்காட்டுக்கும் மேல் ஜிபூட்டி வழியாகவே நடக்கிறது. வாசல் ஒன்று, வீடு பெரிது. துறைமுகம் பெருக வேண்டும், ரயில் வேண்டும், சாலை வேண்டும். பிரெஞ்சுக்காரர் போட்ட பழைய ரயில் பாதை பாழடைந்து கிடந்தது. பணம் யார் தருவார்கள்? மேற்கு நாடுகளின் வங்கிகள் இந்த அளவுக்குக் கை நீட்டவில்லை. சீனா நீட்டியது.

2013-ல் ஜிபூட்டி துறைமுக நிறுவனத்தின் 23.5 விழுக்காடு பங்கைச் சீனாவின் அரசுத்துறை நிறுவனமான சைனா மெர்ச்சன்ட்ஸ் 18.5 கோடி டாலருக்கு வாங்கியது. தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்கக் கூடாது. கொழும்புத் துறைமுகத்தில் சர்வதேச சரக்குப் பெட்டக முனையத்தை நடத்துவதும், 2017-ல் அம்பாந்தோட்டையை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்ததும் இதே நிறுவனம்தான். ஷென்ஜென் நகரின் ஷெக்கோ பகுதியில் துறைமுகம், அதன் பின்னால் தொழிற்பேட்டை, அதன் பின்னால் நகரம் என்று அது கட்டிக் காட்டிய முறையை ஜிபூட்டிக்கும் கொண்டுவந்தது. 2017 மே மாதம் டோராலே பல்நோக்குத் துறைமுகம் திறக்கப்பட்டது. செலவு சுமார் 59 கோடி டாலர். மூன்றே மாதத்தில் அதற்கு அடுத்தாற்போலவே சீன ராணுவத் தளம் திறந்தது. 2018 ஜூலையில் 48 சதுர கிலோமீட்டருக்குத் திட்டமிடப்பட்ட தடையற்ற வணிக மண்டலத்தின் முதல் பகுதியும் வந்தது. அடிஸ் அபாபாவுக்கு 750 கிலோமீட்டர் மின்சார ரயில் பாதை 2016, 2017-ல் இரு முனைகளிலும் தொடங்கிவைக்கப்பட்டு, 2018 ஜனவரியில் வணிக முறையில் ஓடத் தொடங்கியது.

எத்தியோப்பியாவிலிருந்து குழாய் போட்டுக் குடிநீர் கொண்டுவரும் திட்டத்துக்கும் சீன அரசின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்சிம் வங்கிதான் கடன் கொடுத்தது. இதை நான் வேண்டுமென்றே தனியாகச் சொல்கிறேன். ‘கடன் பொறி’ என்று எளிதாக எழுதிவிடலாம். ஆனால் உவர் நீரைக் குடித்துப் பழகிய நகரத்துக்கு நல்ல தண்ணீர் வருவது என்ன என்பதைத் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்த எந்தத் தமிழ் வீட்டுக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் குழாயும் இந்தக் கதையின் ஒரு பகுதி.

இப்போது கணக்குக்கு வருவோம். ஜிபூட்டி தன் பங்கு ரயில் பாதைக்காக எக்சிம் வங்கியிடம் வாங்கியது சுமார் 49 கோடி டாலர். குடிநீர்க் குழாய்க்கு சுமார் 32 கோடி டாலர். இந்த இரண்டு மட்டும் 81 கோடி. சீனத் தளத்துக்கான வாடகை ஆண்டுக்கு 2 கோடி டாலர் என்று செய்திகள் சொல்கின்றன. அப்படியானால் வட்டியை விட்டுவிட்டு அசலை மட்டும் அந்த வாடகையால் அடைக்கப் பார்த்தால் 40 ஆண்டு ஆகும். துறைமுகம், வணிக மண்டலம் ஆகியவற்றின் கடன் இந்தக் கணக்கில் சேரவில்லை. இரண்டே ஆண்டுகளில் நாட்டின் பொதுக் கடன் ஆண்டு உற்பத்தியில் 50 விழுக்காட்டிலிருந்து 85 விழுக்காடாக ஏறியதைப் பன்னாட்டு நிதியம் சுட்டிக்காட்டியது. வெளிக்கடனில் பாதிக்கும் மேல் சீனாவுக்குத் தர வேண்டியது.

ரயில் ஓடினால் கடன் அடையும் என்பது போட்ட கணக்கு. ரயில் நினைத்தபடி ஓடவில்லை. மின்வெட்டு, தண்டவாளத்தில் குறுக்கிடும் கால்நடைகள், ரயிலை விட்டு லாரியையே நம்பிய வணிகர்கள், 2020 முதல் இரண்டு ஆண்டுகள் எத்தியோப்பியாவைக் கிழித்த டிக்ரே போர் என்று வருமானம் குறைந்துகொண்டே போனது. எத்தியோப்பியா தன் பங்குக் கடனின் தவணையை 2018-லேயே 10 ஆண்டிலிருந்து 30 ஆண்டாக நீட்டி வாங்கிக்கொண்டது. ஜிபூட்டி 2022 இறுதியில் சீனாவுக்குக் கட்ட வேண்டிய தவணைகளையே நிறுத்திவைத்தது.

இதற்குச் சீனா என்ன செய்தது? படையை அனுப்பவில்லை, துறைமுகத்தைப் பிடுங்கவும் இல்லை. பேச்சு நடந்தது. 2024 செப்டம்பரில் பெய்ஜிங்கில் நடந்த சீன-ஆப்பிரிக்க உச்சி மாநாட்டில் ஷி ஜின்பிங், கெல்லேயைச் சந்தித்தார். இரு நாட்டு உறவு இன்னும் உயர்ந்த படிக்கு ஏற்றப்பட்டதாக அறிவிப்பு வந்தது. கட்ட முடியாத கடன்காரரிடம் சிரித்துப் பேசும் வட்டிக்கடைக்காரரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சிரிப்பில் கடன் தள்ளுபடியாவதில்லை. ஆனால் கடன் வாங்கியவருக்கும் ஒரு பலம் உண்டு. தளம் இருக்கும்வரை ஜிபூட்டி நிலைகுலைவதைச் சீனா விரும்பாது. கடனை வசூலிப்பதைவிட அந்தக் கரையில் இருப்பது அதற்கு முக்கியம். இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பிடி சமமாக இல்லை என்பதுதான் வேறுபாடு.

சீனாவுக்குக் கிடைத்தது தளம் மட்டுமன்று. 2020-ல் ஹாங்காங்குக்குச் சீனா கொண்டுவந்த பாதுகாப்புச் சட்டத்தை ஆதரித்து ஐநா மனித உரிமைப் பேரவையில் குரல் கொடுத்த 53 நாடுகளில் ஜிபூட்டியும் ஒன்று. ஐநாவில் சின்ன நாட்டுக்கும் பெரிய நாட்டுக்கும் வாக்கு ஒன்றுதான். அப்படிப்பட்ட ஒரு நாட்டின் ஆதரவு பெய்ஜிங்குக்கு எளிதாகவே கிடைத்தது.

இந்த உறவின் கூர்மையான பக்கம் 2018 பிப்ரவரியில் வெளிப்பட்டது. டோராலே சரக்குப் பெட்டக முனையத்தைத் துபாயின் டிபி வேர்ல்ட் நிறுவனம் 2006-ல் செய்துகொண்ட 30 ஆண்டு ஒப்பந்தத்தின்படி நடத்திவந்தது. ஒப்பந்தம் நாட்டின் இறையாண்மைக்கு எதிரானது என்று சொல்லி ஜிபூட்டி அரசு அதைக் கையகப்படுத்தியது. லண்டன் நடுவர் மன்றம் ஒப்பந்தம் செல்லும் என்றது, 2019-ல் 38.5 கோடி டாலர் இழப்பீடு தரச் சொன்னது. ஜிபூட்டி ஏற்கவில்லை. அந்த முனையம் சீனாவின் கைக்குப் போய்விடுமோ என்று வாஷிங்டன் பதறியது. லெமோனியர் முகாமுக்கு வேண்டிய பொருள்கள் வருவதும் இந்தத் துறைமுகத்தின் வழியாகத்தான். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஜான் போல்டன் 2018 டிசம்பரில் ஆப்பிரிக்கக் கொள்கை பற்றிப் பேசியபோது இதைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். ஜிபூட்டி அந்த முனையத்தைச் சீனாவிடம் ஒப்படைக்கவில்லை. தன் அரசு நிறுவனத்தின் கீழேயே வைத்துக்கொண்டது. வாடகைக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கையில் ஒருவருக்குச் சாவியைத் தூக்கிக் கொடுத்தால் மற்றவர்கள் மூட்டை கட்டுவார்கள் என்பதைக் கெல்லே அறிவார்.

அதே 2018-ல் சீனத் தளத்தின் பக்கமிருந்து வந்த லேசர் ஒளியால் தம் விமானிகள் இருவருக்குக் கண்ணில் காயம் ஏற்பட்டதாக அமெரிக்கா புகார் சொன்னது. சீனா மறுத்தது. இரு தளங்களுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். உலகில் வேறெங்கும் இவ்வளவு அருகில் இந்த இரு படைகளும் அன்றாடம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இருப்பதில்லை.

2023 நவம்பரில் ஏமனின் ஹூத்திக் கிளர்ச்சிப் படையினர் செங்கடலில் வணிகக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபோது ஜிபூட்டியின் நிலை இன்னும் சிக்கலானது. அமெரிக்கா கூட்டிய கடற்படைக் கூட்டணியில் அது சேரவில்லை. ஏமன் எதிர்க்கரையில் இருக்கிறது. ஏமன் அகதிகள் ஒபோக் அருகில் முகாமில் வாழ்கிறார்கள். மக்களின் மனம் காசாவோடு இருக்கிறது. இடத்தை வாடகைக்கு விடலாம், போரில் பங்கு வாங்க முடியாது என்று கோடு போட்டது. பிரான்ஸ் மட்டும் அந்தக் காலத்தில் தன் இடத்தை மேலும் உறுதியாக்கிக்கொண்டது. மாலி, புர்கினா பாசோ, நைஜர், சாட், செனகல் என்று ஆப்பிரிக்காவில் ஒவ்வொரு நாடாக வெளியேற வேண்டிவந்த பிரான்ஸுக்கு ஜிபூட்டியே கடைசிப் பெரிய தளம். சுமார் 1,500 வீரர்கள். 2024 ஜூலையில் 20 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. ஆண்டு வாடகை 3 கோடி யூரோவிலிருந்து 8.5 கோடி யூரோவாக உயர்ந்தது. போக்கிடம் இல்லாத குடித்தனக்காரரிடம் வாடகையை ஏற்றுவதில் ஜிபூட்டி தயங்கவில்லை.

கவலை வேறு திசையிலிருந்து வருகிறது. 2024 ஜனவரி 1 அன்று எத்தியோப்பியா, அப்போது உலகம் அங்கீகரித்திராத சோமாலிலாந்தோடு கடற்கரைக்காக ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டது. அங்கே பெர்பெரா துறைமுகத்தை நடத்துவது, ஜிபூட்டி வெளியே தள்ளிய அதே டிபி வேர்ல்ட். ஜிபூட்டி பதறிப்போய்த் தன் வடகரையிலுள்ள தஜூரா துறைமுகத்தையே எத்தியோப்பியா நிர்வகிக்கலாம் என்றது. ஏன் அவ்வளவு பதற்றம் என்றால், சீனக் கடனில் பெரும்பகுதி எத்தியோப்பியச் சரக்கை நம்பி வாங்கியது. அந்தச் சரக்கு வேறு வாசலைத் தேடிப் போனால் ரயிலும் துறைமுகமும் நின்றுபோகும். கடன் மட்டும் நிற்காது. ஜிபூட்டிக்கும் சீனாவுக்கும் உள்ள உறவின் எதிர்காலம் பெய்ஜிங்கில் இருப்பதைவிட அடிஸ் அபாபாவில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இத்தனை வாடகையும் எங்கே போகிறது? தலைநகரின் ஓரத்தில் பால்பாலா என்ற பெரும் குடியிருப்பு இருக்கிறது. தகரத்தையும் பலகையையும் வைத்துக் கட்டிய வீடுகள். கிராமப்புற வறட்சிக்கும் அண்டை நாட்டுப் போர்களுக்கும் தப்பி வந்தவர்கள் தலைமுறைகளாக அங்கே வாழ்கிறார்கள். துறைமுகமும் தளங்களும் பணத்தைக் கொண்டுவருகின்றன. வேலையை அந்த அளவுக்குக் கொண்டுவருவதில்லை. பாரந்தூக்கிகள் இயக்கும் முனையத்துக்குச் சில நூறு பேர் போதும். ராணுவத் தளத்துக்கு உணவே வெளியிலிருந்து கப்பலில் வருகிறது. படித்த இளைஞர்கள் வேலையின்றித் திரிகிறார்கள். எத்தியோப்பியாவிலிருந்து நாள்தோறும் நண்பகலில் வந்திறங்கும், லேசான போதை தரும் காட் இலையை மென்றுகொண்டு நிழலில் உட்கார்ந்திருக்கும் பிற்பகல்கள் அந்த ஊரின் வழக்கம். அந்த நிழலில் வேலை கிடைக்காத பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது மனதை உறுத்துகிறது.

அவர்கள் கேள்வி கேட்கவும் இடம் குறைவு. கெல்லே, முதல் அதிபரின் உறவினர். 1999 முதல் பதவியில் இருக்கிறார். 2021 தேர்தலில் 97 விழுக்காட்டுக்கும் மேல் வாக்கு அவருக்கு விழுந்ததாக அறிவிக்கப்பட்டது. முக்கிய எதிர்க்கட்சிகள் புறக்கணித்த தேர்தல் அது. உள்நாட்டில் உரிமைகள் நசுங்கும்போது வாஷிங்டனோ பாரிஸோ உரத்துப் பேசுவதில்லை. பேசினால் குத்தகை என்னாகும் என்ற பயம். பெய்ஜிங் பேசுவதே இல்லை. மற்ற நாட்டு உள்விவகாரத்தில் தலையிட மாட்டோம் என்பது அதன் கொள்கை. எல்லா வல்லரசுகளும் ஒரே ஊரில் குடியிருப்பதால் அரசுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, பால்பாலாவில் இருப்பவருக்குக் கிடைப்பதில்லை.

20 ஆண்டு வெளியுறவு அமைச்சராக இருந்து இந்தச் சமநிலையை நாள்தோறும் தூக்கிப் பிடித்த மஹ்மூத் அலி யூசுப், 2025 பிப்ரவரியில் கென்யாவின் ரைலா ஒடிங்காவை வென்று ஆப்பிரிக்க ஒன்றிய ஆணையத்தின் தலைவரானார். பத்து லட்சம் பேர் உள்ள நாட்டுக்குப் பெரிய பெருமை. ஆனால் அந்தக் கைப்பழக்கம் உள்ள மனிதர் அடிஸ் அபாபாவுக்குப் போய்விட்டார். அதே ஆண்டின் இறுதியில், 75 வயதைத் தாண்டியவர் அதிபர் தேர்தலில் நிற்கக் கூடாது என்ற வரம்பை ஜிபூட்டி நாடாளுமன்றம் நீக்கியது. 1947-ல் பிறந்த கெல்லேக்காகவே செய்யப்பட்ட திருத்தம் அது. அமெரிக்கக் குத்தகை, பிரெஞ்சு ஒப்பந்தம், சீனக் கடன் என்று எல்லாமே கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே மனிதரின் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. அடுத்து அந்த மேசைக்கு வருகிறவர் முதல் நாளே பிரித்துப் படிக்க வேண்டிய கோப்பு, எக்சிம் வங்கியின் தவணை அட்டவணை.